டீசலுக்குக் கல்வெட்டு வைப்பதில்லை

சேலத்தில் மழை பெய்தால் ஐந்து ரோட்டில் தண்ணீர் நிற்கும், மறுநாள் வடிந்துவிடும். ஏற்காட்டில் பெய்தால் மரம் விழும், விழுகிற மரம் மின்கம்பியின் மேல்தான் விழும், ஈபி லைன்மேன் அந்த இடத்தைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும். அப்படி ஓர் ஐப்பசி இரவில், பதினொன்றரை மணி இருக்கும், மலை மேல் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நைட் டியூட்டி நர்ஸ் போன் செய்தார். "மேடம், கரண்டு போய் மூணு மணி நேரமாச்சு. ஜெனரேட்டர்ல டீசல் பத்துப் பன்னெண்டு லிட்டர்தான் இருக்கும்னு வாட்ச்மேன் அண்ணா சொல்றாரு. வார்மர்ல ஒரு குழந்தை இருக்கு."

அந்த ஜெனரேட்டர் மணிக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும். ஆக, கையில் இருந்தது இரண்டரை மணி நேரம்.

அன்றைக்கு எங்கள் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் ரூ.11 லட்சத்துக்கு மேல் இருந்தது. பொருளாளர் நான்தான், பாஸ்புக் என் பீரோவில்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு ரூபாயைக்கூட டீசலுக்கு எடுக்க முடியாது. அத்தனையும் ஒரு ஸ்கேன் மிஷினுக்கு என்று எழுதிக் கொடுத்து வாங்கிய பணம். கடைசியில் என் பென்ஷன் கணக்கிலிருந்து பங்க்காரரின் போனுக்கு ரூ.4,000 அனுப்பி, அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, ஆம்புலன்ஸ் டிரைவர் இரண்டு கேன்களை எடுத்துக்கொண்டு போய் நிரப்பி வந்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பால்வாடிக்குப் போகிறது, வழியில் பார்த்தால் நாக்கைத் துருத்துகிறது.

"நல்ல காரியம்தானே, கேட்டா யார் இல்லைன்னு சொல்லப் போறாங்க?" என்று தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வரும். இல்லை என்று யாரும் சொல்வதில்லை. தருகிறார்கள், மனமுவந்து தருகிறார்கள். எதற்குத் தருகிறார்கள் என்பதில்தான் சிக்கலே.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 34 வருஷம் வங்கி வேலை, பாதிக்கு மேல் கேஷ் கவுன்டரில். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே "பேங்க் மேடம் இருந்தா கணக்கு சுத்தமா இருக்கும்" என்று அறக்கட்டளைக்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி சின்னது. 12 படுக்கை, இரண்டு டாக்டர். ஏற்காடு டவுனில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது, அப்புறம் உங்களுடையது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மலையின் உள்பக்கத்தில், பஸ் ஒரு நாளைக்கு இரண்டே தடவை வரும் மலையாளிப் பழங்குடி ஊர்களிலிருந்து, இடுப்பு வலியோடு ஜீப்பில் வரும் பெண்ணுக்கு டவுனே தூரம். எல்லாவற்றையும் அரசாங்கமே செய்யவேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். செய்து முடிக்கும்வரை அந்தப் பெண்ணை வழியில் நிறுத்திவைக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, அந்த ஸ்கேன் மிஷின்.

ஒரு குடும்பம், தங்கள் தாத்தாவின் நூற்றாண்டுக்காக ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று வந்தார்கள். நாங்கள் சொன்னது: "ரெண்டு நர்ஸுக்கு ஒரு வருஷச் சம்பளம் கொடுத்தா பெரிய உதவியா இருக்கும்." அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டின் பெரிய மருமகள் மெதுவாகக் கேட்டார், "மிஷின் மாதிரி ஏதாவது..." அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். மிஷினில் தாத்தாவின் பெயரை ஒட்டலாம், பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டலாம். நர்ஸின் முதுகில் பெயர் எழுத முடியுமா? ஸ்கேன் மிஷின் என்று முடிவானது. பணம் கணக்குக்கு வந்தது. டீசல் தீர்ந்த இரவில் என் கண்முன் கிடந்த ரூ.11 லட்சம் அதுதான்.

மிஷினும் வந்தது. வந்து ஏழு மாதம், மேலே போட்ட பிளாஸ்டிக் உறை எடுக்கப்படாமல் நின்றது. அதற்கு முழுக்க முழுக்க எங்கள் அறியாமைதான் காரணம். கரு ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் வருஷச் சட்டத்தின்படி, ஸ்கேன் மிஷின் வைக்கும் இடத்தைப் பதிவு செய்யவேண்டும், அதை இயக்கத் தகுதி உள்ள டாக்டர் யார் என்று காட்டவேண்டும், கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்பவேண்டும். டிவிப் பெட்டி மாதிரி வாங்கிவந்து பிளக்கைச் சொருகிவிட முடியாது. அலைந்த அலைச்சலில் எனக்கு எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் எந்த மாவட்டத்தில் தொடங்கியது என்று நினைத்துப் பார்த்தால் வாய் தானாக மூடிக்கொள்ளும். சேலத்தில்தான். பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கம் சொல்லவேண்டி வந்த மண் இது. இங்கே அந்தச் சட்டத்தை வெறும் காகித வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பதிவு கிடைத்த பிறகு அடுத்த கேள்வி: ஸ்கேன் பார்க்கத் தெரிந்த டாக்டர் வாரம் இரண்டு நாள் சேலத்திலிருந்து வந்துபோகும் செலவு யார் தருவது? தாத்தாவின் குடும்பத்திடம் கேட்டோம். "மிஷின் நாங்க கொடுத்துட்டோமே" என்றார்கள். உண்மைதானே, கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கொலுசு செய்கிற சின்னப் பட்டறை, எட்டுப் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். முதல் தடவை போனபோது ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். வேண்டுமென்று இல்லை, எடை பார்க்கிற நேரம். தராசுக்கு முன்னால் சம்மணம் போட்டு, ஒவ்வொரு ஜோடியையும் வைத்து, கம்மியாக இருந்தால் மூக்கைச் சுருக்கி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து நிமிர்ந்து, "மன்னிச்சுக்கங்க அக்கா, சொல்லுங்க" என்றார். சொன்னேன். உள்ளே போய் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார், ரூ.25,000. அப்புறம்தான் கேட்டார், "80ஜி உண்டில்லீங்களா?"

பணம் திரட்டும் வேலையில் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இந்த வார்த்தை காதில் விழும். நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு தரும் 80ஜி பதிவு எங்களுக்கு உண்டு. கொடுத்ததில் பாதியை, ஒரு வரம்புக்குள், வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் கணக்குக் காட்டுபவருக்கும் கிடையாது. கொடுத்தவரின் பான் எண்ணோடு நாங்கள் வருமான வரித் துறைக்குக் கணக்குத் தாக்கல் செய்து, அதன்பேரில் சான்றிதழ் தரவேண்டும். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, அவர் பணக்கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பில்லே வேணாம், பேரும் வேணாம், சாமி உண்டியல்ல போட்ட மாதிரி நினைச்சுக்கங்க" என்றார்.

சாமி உண்டியலுக்கும் எங்கள் உண்டியலுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதை நானே அந்த வருஷம்தான் தெரிந்துகொண்டிருந்தேன். பெயர், முகவரி இல்லாமல் வரும் நன்கொடை மொத்தத்தில் 5 சதவீதம் அல்லது ரூ.1 லட்சம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. முழுக்க முழுக்கச் சமய அறநிலையமாக இருந்தால் இந்தக் கணக்கு இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் உண்டியல் வைத்தால் உண்டு. ஆக, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பவரின் தர்மம் கோயிலில் செல்லும், ஆஸ்பத்திரியில் வரி கட்டும். ஆயிரம் ரூபாய் கொடுத்தவரிடம் முகவரி கேட்டால், "நம்பிக்கை இல்லீங்களா?" என்று முகம் சுண்டிப் போகிறது. "உங்க மேல நம்பிக்கை இருக்குங்க, ஆடிட்டர் மேலதான் பயம்" என்று ஒரு வசனம் தயாராக வைத்திருக்கிறேன்.

பட்டறைக்காரர் கடைசியில் செக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "என் பேரை எங்க போடுவீங்க?" என்று கேட்டார். பேரே வேண்டாம் என்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கம்பெனிகள் பக்கம் போனால் கதை வேறு. 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி, ரூ.500 கோடி நிகரச் சொத்து மதிப்போ ரூ.1,000 கோடி விற்றுமுதலோ ரூ.5 கோடி லாபமோ இருக்கும் கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவழிக்கவேண்டும். சி.எஸ்.ஆர். என்கிறார்கள். வருஷம் பூராவும் நாம் போன் செய்தால் எடுக்காதவர்கள், மாசி பிறந்ததும் அவர்களாகவே கூப்பிடுவார்கள். மார்ச் 31-க்குள் செலவாகாத பணத்தைத் தனிக் கணக்குக்கோ அரசாங்க நிதிக்கோ மாற்றவேண்டி வரும், அதனால். "மேடம், பத்து நாள்ல முடியற மாதிரி ஏதாவது புராஜெக்ட் இருக்கா?" பத்து நாளில் ஒரு ஆஸ்பத்திரியில் என்ன முடியும்? பெயின்ட் அடிக்கலாம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு நாலு வருஷத்தில் மூன்று தடவை பெயின்ட் அடித்தாகிவிட்டது. இளம் பச்சை, பிறகு இளம் நீலம், இப்போது ஏதோ பிஸ்கட் கலர். அந்தக் கம்பெனிப் பையன்கள் நல்லவர்கள், எங்கள் மேல் அக்கறை உள்ளவர்கள், அவர்களுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். அவர்களுக்கு வேண்டியது முன்னும் பின்னுமாக இரண்டு போட்டோ. பெயின்ட்டுக்கு அது கிடைக்கும். பிரசவத்தில் செத்துப் போகாத பெண்ணை முன்னும் பின்னும் எப்படிப் போட்டோ எடுப்பது?

அமெரிக்கப் பிள்ளைகள் இன்னொரு வகை. அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து, இப்போது கலிபோர்னியாவில் இருப்பவர்கள். மனசு ஊரில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளைக்குத்தான் வந்து சேரவேண்டும். இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. எங்களிடம் எஃப்.சி.ஆர்.ஏ. இல்லை. அதனால் நன்றி சொல்வதற்கு முன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "தம்பி, எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?" ஆரம்பத்தில் "என்ன கலர் பாஸ்போர்ட்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் கருநீலம் என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்ன பிறகு நிறுத்திவிட்டேன்.

பணமாக இல்லாமல் வருவதையும் சொல்லவேண்டும், எனக்குப் பிடித்த பகுதி அதுதான். இரண்டு வருஷம் முன்பு ஒரு மாசி மாதம், எங்களிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண் மஞ்சள் பையில் மூன்று படி மிளகு கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். சொந்த மரத்தில் ஏறிய கொடி, புருஷன் பறித்து, அவர் காயவைத்தது. ரசீது போடப் பொருளுக்கு வழியில்லை, 80ஜி-யும் பொருளுக்குப் பொருந்தாது. அதை என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, எங்கள் செயலாளர், பங்குனி உத்திரத்தில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுகிற ஊர்க்காரர், "ஏலம் விட்டுறலாம் மேடம்" என்றார். அடுத்த மாதம் சேலத்தில் நலம்விரும்பிகள் கூடிய டீ பார்ட்டியில் படி படியாக ஏலம் விட்டோம். ஒரு தட்டுவடை செட்டைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் கடை விலையைப் போல் ஐந்து மடங்குக்குப் போய்விட்டது. சந்தோஷமாக அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "அம்புட்டு விலைக்கா வித்தீங்க? பாவம் இல்லீங்களா, யாரைப் போய் ஏமாத்துனீங்க?" என்றார்.

இப்படி மிளகும் பெயின்ட்டும் மிஷினுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம். ஆக்சிஜன் சிலிண்டர். டீசல். மஞ்சள் பை, சிவப்புப் பை என்று பிரித்துவைத்த மருத்துவக் கழிவைக் கீழேயிருந்து வண்டி வந்து எடுத்துப்போக ஒரு கட்டணம். நஞ்சுக்கொடியை எடுத்துப்போகும் வண்டிக்கு யார் உபயம் எழுதுவார்கள்?

டீசல் தீர்ந்த கதையைச் செவ்வாய்ப்பேட்டைக்காரரிடம் ஒருநாள் சொல்லும்படி ஆயிற்று. நன்கொடை கேட்கப் போகவில்லை, பேத்திக்குக் கொலுசு வாங்கப் போயிருந்தேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஒரு நாளைக்கு உங்க ஆஸ்பத்திரிக்கு என்னக்கா செலவாகுது?" என்றார்.

மாசக் கணக்குத் தெரியும், வருஷக் கணக்கு ஆடிட் ஆகிக் கையெழுத்தோடு இருக்கிறது. ஒரு நாள்? "தெரியலையே தம்பி" என்றேன்.

"எங்க பட்டறைல கூட்டுற குப்பைக்கே கணக்கு இருக்கு. தரையில விழற வெள்ளித் தூளை அலசி எடுப்போம். நீங்க ஒரு நாள் செலவு தெரியாதுங்கறீங்க." சொல்லிவிட்டு, இன்னொரு ஜோடியைத் தட்டில் வைத்தார். "கோயில்ல திருவிழா எப்படி நடக்குது? ஒவ்வொரு நாளும் ஒருத்தர் கட்டளை. முதல் நாள் இவங்க, ரெண்டாம் நாள் அவங்க. அன்னைக்குப் பூவு, எண்ணெய், மேளம், பொங்கச் சோறு எல்லாம் அவங்க பொறுப்பு. யாராச்சும் எண்ணெய்க்குத் தனியா கல்வெட்டு கேக்கறாங்களா? நாள் என்னுதுன்னு இருந்தா எண்ணெயும் என்னுதுதான்."

34 வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்குக் கொலுசுக் கடையில் வைத்துப் பாடம்.

மூன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சம்பளம், மருந்து, மின்சாரம், டீசல், சோப்பு, பஞ்சு, கழிவு வண்டி, வாட்ச்மேனின் டார்ச்சுக்கு பேட்டரிவரை. எங்கள் ஆஸ்பத்திரி ஒரு நாள் ஓட ரூ.26,000 ஆகிறது. நோயாளிகள் தருவதும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருவதும் போக, நாளொன்றுக்குத் துண்டு விழுவது ரூ.9,000. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பயமே குறைந்துபோனது. லட்சங்களைக் கேட்கத்தான் கூச்சம். ரூ.9,000 ஒரு சின்னக் கல்யாணத்தின் பந்தல்கால் செலவு.

இதில் புதுசாக நாங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. காஞ்சிபுரம் பக்கத்தில் திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில், 11-ஆம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கை ஆதுலர் சாலை, அதாவது அந்தக் காலத்து ஆஸ்பத்திரி, பெயர் வீரசோழன். எங்களைவிட மூன்று படுக்கை கூட. அந்தக் கல்வெட்டில் கட்டடம் கட்டியதைப் பற்றிய பெருமையைவிட, மருத்துவருக்கு எத்தனை நெல், அறுவை செய்பவருக்கு எத்தனை, மூலிகையும் விறகும் கொண்டுவரும் ஆளுக்கு எத்தனை, நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கு எத்தனை, இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய்க்கு என்ன என்பதுதான் இருக்கிறது. இரவு விளக்குக்கு எண்ணெய்! எங்கள் டீசல்தான் அது. அதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாம்தான் நடுவில் எங்கேயோ டைல்ஸ் ஒட்டிய சுவருக்கு மட்டும் கல்வெட்டு வைக்கக் கற்றுக்கொண்டோம்.

சோழர் காலத்துக் கோயில்களில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடுப்பார்கள். "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டில் வரும். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் நிற்கும், பொறுப்பேற்ற இடையர் தினம் உழக்கு நெய் அளந்துகொண்டே இருப்பார். இன்றைக்கு அதற்குப் பெயர் கார்ப்பஸ் ஃபண்ட். முதலில் கைவைக்காமல் வட்டியை மட்டும் செலவு செய்வது. எங்களிடமும் கொஞ்சம் இருக்கிறது. வட்டி விகிதம் இறங்க இறங்க எங்கள் ஆடுகள் மெலிந்துகொண்டே போகின்றன, அது வேறு கவலை.

கட்டளையை ஆரம்பித்தோம். செலவே இல்லாத ஏற்பாடு: ஒரு சிவகாசி தினசரிக் காலண்டர், ஒரு கரும்பலகை. நாளைப் பதிவு செய்பவரின் பெயரைக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைப்பது, அந்த நாள் வந்ததும் ஆஸ்பத்திரி வாசல் கரும்பலகையில் சாக்பீஸில் "இன்றைய கட்டளை" என்று எழுதுவது. மறுநாள் காலை ஆயாம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த பெயரை எழுதுவார். சாக்பீஸ் என்றதும் நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், கௌரவமாக இருக்காது என்றார்கள். நான் பிடிவாதமாக இருந்தேன். கல்லில் எழுதினால் இடம் தீர்ந்துவிடும். கரும்பலகையில் தீராது.

பொங்கல், தீபாவளி, தை வெள்ளி, ஆடிப் பதினெட்டு எல்லாம் ஒரே வாரத்தில் போய்விட்டன. கல்யாண நாள், பிறந்த நாள், திதி. அமாவாசைக்குப் போட்டி. எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்கவேண்டும், தோன்றவில்லை: அஷ்டமி, நவமி நாட்களை ஒருவரும் தொடவில்லை. தேய்பிறை, வளர்பிறை இரண்டும் சேர்த்தால் வருஷத்தில் ஐம்பது நாள் கிட்ட வருகிறது. "நல்ல காரியத்தை அஷ்டமில ஆரம்பிக்கறதா?" என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு அஷ்டமி, நவமி கிடையாது, அன்றைக்கும் பாம்பு கடிக்கிறது, அன்றைக்கும் பிள்ளை பிறக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுத் தசமியை எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஞாபகம் வந்தது. கருப்புச் சட்டைக்காரர். நீதிக்கட்சி 1944-ல் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது எங்கள் சேலத்து மாநாட்டில்தான். அதில் தன் அப்பா கலந்துகொண்டதை எந்தப் பேச்சுக்கு நடுவிலும் கொண்டுவந்துவிடுவார். போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள். "அத்தனை அஷ்டமியும் எனக்குக் கொடும்மா. ராகு காலத்துல ரசீது போடு." பென்ஷன்காரர், அத்தனை நாளுக்கு அவரால் எப்படி முடியும்? இரண்டு அஷ்டமியை அவர் எடுத்துக்கொண்டு, நண்பர்களிடம் சொல்லிப் பதினேழு நாளை நிரப்பிக் கொடுத்தார். அதில் ஒரே ஒரு சங்கடம், "கட்டளை" என்ற சொல்லை மாற்றவேண்டும் என்றார், அது கோயில் சொல். ஒரு மாலை பூராவும் வாதாடினோம். கடைசியில் அவர் நாட்களில் மட்டும் கரும்பலகையில் "இன்றைய பொறுப்பு" என்று எழுதுவதாக ஒத்துக்கொண்டேன். எனக்கென்னவோ அந்தச் சொல்தான் இன்னும் பிடித்திருக்கிறது, ஆனால் அவரிடம் சொல்லவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். முதல் வருஷம் 365-ல் 148 நாள்தான் நிரம்பியது. சித்திரை, வைகாசியில் ஊரே மலைக்கு வந்து மலர்க் கண்காட்சி பார்க்கிற சமயத்தில், எங்கள் காலண்டரில் வெள்ளைத் தாள்களாகவே இருந்தன. மிஷின் கேட்டு வருபவர்கள் இன்னும் வருகிறார்கள். இப்போது அவர்களிடம் ஒன்று சொல்கிறோம்: மிஷின் விலையோடு, அதை மூன்று வருஷம் ஓட்டும் செலவையும் சேர்த்துத் தாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். முதல் தடவை இதைச் சொன்னபோது என் குரல் நடுங்கியது. இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். ஒருவர் கொடுத்தார்.

பட்டறைக்காரரும் ஒரு நாள் எடுத்திருந்தார். பிறந்த நாள் இல்லை, அவருடைய அம்மாவின் திதி. அது அஷ்டமி. "வியாபாரத்துக்குத்தான்க்கா அஷ்டமி ஆகாது, அம்மாவுக்கு ஆகும்" என்றார். அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு மனைவியோடு மேலே வந்துவிட்டார். கரும்பலகையில் அவர் அம்மாவின் பெயரில் ஆயாம்மா ஒரு ஒற்றெழுத்தை விட்டிருந்தார். இவர் சாக்பீஸை வாங்கித் தானே புள்ளி வைத்தார். வார்டைப் பார்க்கக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றார். "அந்த ஜெனரேட்டர் எங்கக்கா இருக்கு?"

பின்பக்கம் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். சும்மா நின்றுகொண்டிருந்தது. எண்ணெய்க் கறை படிந்த அதன் மூடியில் கையை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்திருக்கும். "ஓடலையே?" "கரண்டு இருக்குதே தம்பி." "எப்ப போகும்?" அதற்கு நான் என்ன சொல்ல. ஒரு நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். வேறு நாளாக இருந்தால் நாலு தடவை போயிருக்கும். அன்றைக்குப் பார்த்து ஈபி-க்கு என்ன ரோஷமோ, பல்புகூடக் கண் சிமிட்டவில்லை. மூன்றரை மணிக்கு மூடுபனி இறங்க ஆரம்பித்ததும் அவர் மனைவி, "வளைவுல ஒண்ணும் தெரியாது, கிளம்பலாம்" என்று அவசரப்படுத்தினார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை இறக்கினார். "அப்ப எங்கம்மா டீசல் அப்படியே மிச்சம் இருக்குமில்லக்கா?"

"இருக்கும். நாளைக்கு ஆகும்."

"நாளைக்கு யாரு?"

"நாளைக்கு நவமி. யாரும் எடுக்கலை."

கொஞ்ச நேரம் வாசல் பக்கம் பார்த்தார். "அந்தம்மாகிட்ட நாளைக்கு அழிக்க வேணாம்னு சொல்லிடுங்க" என்றார்.

அரை மணி நேரம் கழித்து என் போனில் ரூ.9,000 வந்து விழுந்தது. மலையில் சிக்னல் வந்து வந்து போகும், ஏதோ ஒரு வளைவில் கிடைத்திருக்கவேண்டும். பான் எண் ஏற்கெனவே இருந்ததால் ரசீது அன்றைக்கே போட்டுவிட்டேன்.